அரைமணிக்காரர்

மருத்துவமனை மருந்தகத்தின் சன்னல் வழியே மருந்துப் புட்டியை நீட்டியதும் அவர் பார்ப்பது வாங்குபவரின் முகத்தையன்று, தம் மணிக்கட்டை. கடிகாரத்தின் முகம் உள்ளங்கைப் பக்கமாகத் திரும்பியிருக்கும். "பத்து இருபது," என்று தமக்குள் சொல்லிக்கொள்வார். சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டுச்சீட்டு வெளிவரும். அதில் கட்டில் எண், மணி, ஓர் அம்புக்குறி. சீட்டு மறுபடியும் பைக்குள் போகும். பத்து நாற்பத்தேழுக்கு நாற்காலி காலியாகிவிடும். 'இதோ வந்துவிட்டேன்' என்று எழுதிய அட்டை மட்டும் சன்னலில் தொங்கும். அந்த அட்டை எழுதப்பட்டுப் பதினோர் ஆண்டுகள் ஆகின்றன. அது ஒருநாளும் மெய் சொன்னதில்லை.

"வந்துட்டேன்னு போட்டிருக்கு, ஆளக் காணோமே?" என்று வரிசையில் நிற்கும் புதியவர் யாரேனும் கேட்டால், அடுத்த சன்னலிலிருக்கும் பெண் மருந்தாளுநர் தலை நிமிராமலே விடையிறுப்பார்: "அவரு குடுத்த மருந்து மாடிக்குப் போயிருக்கு. அது ஒழுங்கா வேலை செய்யுதான்னு பாக்க இவரும் பின்னாடியே போயிருக்காரு. நீங்க இந்தப் பக்கம் வாங்க."

மாடி என்றால் மூன்றாம் மாடி. புற்றுநோய் கண்ட குழந்தைகளின் பிரிவு. மின்தூக்கி இருக்கிறது. அவர் அதில் ஏறுவதில்லை. "லிஃப்ட்டுல ஏறினா நிக்க வேண்டியிருக்கு," என்பது அவர் சொல்லும் காரணம். ஐம்பத்திரண்டு வயது, ஒட்டிய கன்னம், வெளிக்குதிகால் மட்டும் தேய்ந்த செருப்பு. உட்காரும் சில நிமிடங்களிலும் ஒரு முழங்கால் ஆடிக்கொண்டேயிருக்கும். மேசையிலுள்ள சிறு கண்ணாடிக் குப்பிகள் அதற்குத் தாளமிடும். "உங்கம்மா உங்களுக்குச் சக்கரம் வச்சுப் பெத்தாங்களாண்ணே?" என்று அடுத்த சன்னல் கேட்கும். "சக்கரம் இருந்தா நான் ஏன் படி ஏறுறேன்?" என்று இவர் படியிலிருந்து குரல் கொடுப்பார்.

குழந்தைகளுக்கு மருந்து கட்டுவது பெரியவர்களுக்குக் கட்டுவது போன்றதன்று. கிலோவுக்கு இவ்வளவு என்று கணக்கிட வேண்டும். மாத்திரையைப் பொடித்து, நீர்மத்தில் கரைத்து, ஊசியில்லாத சிரிஞ்சில் இழுத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் கோடு பார்க்க வேண்டும். அந்த ஒரு கணத்தில் மட்டும் அவர் உடம்பு முழுதும் அடங்கிவிடும். முழங்கால் நிற்கும், இமையும் நிற்கும். சந்நிதியில் திரை விலகும்போது நிற்பவனின் நிலை அது. கோடு சரியென்று கண்டதும் சக்கரம் மீண்டும் சுழலத் தொடங்கும்.

இந்த ஓட்டம் பிறவிக்குணமன்று. ஒரு மூடியால் வந்தது. பதினோர் ஆண்டுகளுக்கு முன் ஒருநாள், சிறுவன் ஒருவனுக்கு வலிமருந்து அனுப்பியபின், புட்டியின் மூடி மேசையிலேயே கிடப்பதைக் கண்டார். மூடியில்லாத மருந்து கெட்டுவிடுமே என்று எடுத்துக்கொண்டு மாடியேறினார். அதற்குள் அரைமணி ஆகியிருந்தது. அறையில் தாய் மகிழ்ச்சியோடு விரலை உதட்டில் வைத்தாள்: "சத்தம் போடாதீங்க, இப்பத்தான் நல்லாத் தூங்குறான்." அவர் நின்று பார்த்தார். போர்வை ஒருமுறை ஏறி இறங்கினால் அடுத்த மூச்சு வருமா என்று ஐயமாயிருந்தது. உதடு நாவற்பழ நிறம். அவர் போட்ட கூச்சலில் செவிலியர் ஓடிவந்தனர், மாற்றுமருந்து ஏறியது, சிறுவன் பிழைத்தான். அளவு சரியாகத்தான் இருந்தது. கிலோவுக்கு இவ்வளவு என்பதில் ஓர் எள்ளளவும் பிசகில்லை. சரியான அளவு ஒரு குழந்தையைச் சாவின் வாசற்படிவரை கொண்டுபோய்விட்டது என்பதை அவரால் செரித்துக்கொள்ள முடியவில்லை.

பிறகு அவர் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டது இது. அந்த மருந்து தானாக வலியைத் தணிப்பதன்று. கல்லீரலிலுள்ள ஒரு நொதி அதை வேறொன்றாக மாற்றினால்தான் வலி அடங்கும். அந்த நொதியைச் செய்வதற்கான குறிப்பு தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக ஒவ்வோர் உடலுக்குள்ளும் எழுதப்பட்டு வருகிறது. சிலருக்கு அந்தக் குறிப்பு இரண்டுக்கும் மிகுதியாக இருக்கும். மருந்து முழுதும் ஒரே வீச்சில் மாறி மூச்சையே அடக்கிவிடும். சிலருக்கு இரண்டு ஏடும் பழுது. எவ்வளவு கொடுத்தாலும் பயனில்லை. ஒரே கரண்டி, ஒரே எடை, ஒரே நோய். ஆயினும் படைத்தவன் இரண்டு உடம்புகளுக்கு ஒரே ஏட்டை எழுதுவதில்லை.

இதைப் பெற்றோருக்கு அவர் சொல்லும் விதமே வேறு. "மருந்துன்னா வேலைக்கு வர்ற ஆளு மாதிரி. வாசல்ல பழைய சட்டையோட வந்து நிப்பான். உள்ள போய் சட்டை மாத்துனாத்தான் வேலை. சில வீட்டுல மாத்துறதுக்கு ரூமே கிடையாது, அவன் வாசல்லயே நின்னுட்டுத் திரும்பிப் போயிடுவான். சில வீட்டுல மூணு ரூம். பத்து பேரும் ஒரே நேரத்துல உள்ள பாஞ்சா வீடு தாங்குமா? எந்த வீடு எப்படின்னு வெளியிலருந்து தெரியாது. அதான் நான் வந்து எட்டிப் பாக்குறேன்."

ஆகவே குழந்தைகளுக்கு அவர் 'அரைமணி மாமா', செவிலியர்க்கு 'அரைமணிக்காரர்'. கதவருகே நின்று, "என்ன, ஆளு வேலைக்கு வந்தாச்சா?" என்பார். "வந்தாச்சு!" என்று குழந்தைகள் கத்தும். கத்தாத குழந்தையின் அருகே போய், கடிகாரம் திரும்பிய கையை அதன் நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு மூச்சை எண்ணுவார். கடிகாரம் உள்ளங்கைப் பக்கம் திரும்பியது அதனால்தான். வீட்டிலும் இதே கதை. "தலைவலின்னு ஒரு மாத்திரை போட்டுட்டுப் படுக்க முடியாதுங்க. அரைமணி ஆனதும் தலைமாட்டுல வந்து நிப்பாரு, எமன் மாதிரி. அப்படி நிக்கிறதப் பாத்தே எனக்குத் தலைவலி வந்துடும்," என்பது மனைவியின் முறையீடு.

சென்ற மாதம் சன்னலோரக் கட்டிலுக்கு ஒரு பெண் வந்தாள். வயது எட்டு. முழங்காலுக்கு மேல் எலும்பில் வளர்ந்ததை அறுத்தெடுத்து, உள்ளே உலோகம் வைத்துத் தைத்திருந்தார்கள். அழவே மாட்டாள். செவிலியர் அவளுக்கு இட்ட பெயர் 'சமத்து'. கட்டிலின் கால்மாட்டில் ஆறு முகங்கள் வரைந்த அட்டை ஒன்று கயிற்றில் தொங்கும். சிரிக்கும் முகத்தில் தொடங்கி அழும் முகத்தில் முடியும். எவ்வளவு வலிக்கிறதென்று கேட்டால் சமத்து எப்போதும் இரண்டாம் முகத்தையே தொடுவாள். தொடுவதற்கு முன் ஒருமுறை அம்மாவைப் பார்ப்பாள்.

அம்மா, சட்டை தைக்கும் ஆலையில் நாளெல்லாம் கழுத்துப்பட்டை மட்டும் தைப்பவள். மடித்த கைக்குட்டையை இடக்கன்னத்தில் ஒற்றியபடியே இருப்பாள். ஏனென்று எவரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. "எங்க குடும்பத்துல வலிக்குதுன்னு யாரும் அழுததில்ல," என்று செவிலியரிடம் பெருமையோடு சொல்வாள். அந்தப் பெருமையின் நிழலில்தான் சிறுமி படுத்திருந்தாள்.

ஆனால் முழங்கால் மடங்கவில்லை. நாள்தோறும் வந்து காலை மடக்கி நீட்டும் பயிற்சியாளர் கையை விரித்துவிட்டார். "தொட்டாலே விறைக்கிறா. பிடிவாதம். இன்னும் ரெண்டு வாரம் இப்படியே விட்டா கால் கட்டை மாதிரி ஆயிடும். அப்புறம் ஆயுசுக்கும் மடங்காது." அட்டையில் வலி இரண்டு, காலோ விறைப்பு. மருத்துவர் அம்மையார் அவளுக்குக் கொடுத்துவந்த வலிமருந்தை, அன்று அந்தச் சிறுவனுக்குப் போன அதே மருந்தை, காற்பங்கு கூட்டி எழுதினார்.

அந்தச் சீட்டு சன்னலுக்கு வந்தபோது அவருடைய முழங்கால் ஆட்டம் நின்றது. கூட்டுவதென்றால் அவருக்கு நாவற்பழ நிற உதடு நினைவுக்கு வரும். கட்டவில்லை, சீட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சன்னலில் அட்டையை மாட்டிவிட்டு, முதல்முறையாக மருந்துக்கு முந்தி மாடியேறினார்.

"என்ன சமத்து, காலையில குடுத்த ஆளு வேலைக்கு வந்தாச்சா?"

"ம்."

"எங்க இருக்கான் இப்ப?"

சிறுமி கூரையைப் பார்த்துச் சிந்தித்தாள். "வாசல்லயே நிக்கிறான்," என்றாள்.

"அவ விளையாட்டுக்குச் சொல்றாண்ணே," என்று அம்மா முந்திக்கொண்டாள். "ரெண்டாவது மூஞ்சியத்தானே காட்டினா?"

அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கால்மாட்டில் போர்வை ஒருபுறம் சுருங்கிக் கிடந்ததைப் பார்த்தார். மெல்ல விலக்கினார். அறுக்காத நல்ல காலின் ஐந்து விரல்களும் உள்நோக்கி மடங்கி, விரிப்பைக் கவ்வி, நகக்கண்கள் வெளுத்துக் கிடந்தன. விரிப்பில் அந்த இடம் மட்டும் கசங்கிப் பழகியிருந்தது. வளை நெகிழ்வதைக் கண்டு தலைவியின் நோயை அறியும் தோழியரைப் பழம்பாடல்களில் கண்டிருக்கிறோம்; இவர் விரல் இறுகுவதைக் கண்டு அறிந்தார். போர்வையை இழுத்து மூடினார்.

அம்மாவின் பக்கம் திரும்பியபோது, கைக்குட்டையைப் பிடித்திருந்த விரலில் நகம் இரண்டாகப் பிளந்து வளர்ந்திருப்பது கண்ணில் பட்டது.

"விரல்ல என்ன தங்கச்சி?"

"தையல் ஊசிண்ணே. நகத்துக்குள்ள ஏறி அந்தப் பக்கம் வந்துடுச்சு. நாலு வருசமாச்சு."

"வலிக்கு என்ன குடுத்தாங்க?"

அவளுக்குப் பெயர் தெரியவில்லை. அவர் ஒரு பெயரைச் சொன்னார், அதேதான் என்றாள். மாடியேறிய அதே மருந்து, மாத்திரை வடிவில்.

"கேட்டுச்சா?"

"போட்டதும் ஒண்ணுதான், போடாததும் ஒண்ணுதான். எங்களுக்கு எதுவும் கேக்காதுண்ணே. எங்க அக்காவுக்கு வயித்த அறுத்துக் குழந்தைய எடுத்தாங்க, அவளுக்கும் இதே கதைதான். பல்லக் கடிச்சிட்டு இருந்தா. நாங்க வலி தாங்குற குடும்பம்." சொல்லும்போது முதுகு நிமிர்ந்திருந்தது.

அவர் ஓடினார். இரண்டு கதவுகள் தள்ளி, வேறொரு கட்டிலருகே நின்ற மருத்துவரின் முன் மூச்சிரைக்க நின்றார்.

"மேடம், சன்னலோரக் கட்டிலுக்கு இந்த மருந்த நான் கட்டல."

அம்மையார் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "கட்டலையா? நீங்க இங்க மருந்து கட்டுறவரா, இல்ல அந்தக் குழந்தைக்கு மாமாவா?"

"ரெண்டுந்தான் மேடம். கூட்டிக் குடுத்தா பிரயோசனம் இல்ல. அந்த வீட்டுல சட்டை மாத்துற ரூமே இல்ல."

"உங்க சட்டைக் கதையெல்லாம் கேட்டாச்சு. சார்ட்டுல என்ன இருக்கு? அஞ்சு நாளா ரெண்டு, ரெண்டு, ரெண்டு. ரெண்டுன்னு எழுதின குழந்தைக்கு நான் மார்ஃபின் எழுத முடியுமா? நாளைக்கு மூச்சு நின்னா யார் பதில் சொல்றது? அதுக்குப் பயந்து பதினோரு வருசமா படி ஏறி இறங்குறவரு நீங்கதானே?"

மூச்சு அடங்கிவிடுமோ, கால் விறைத்துவிடுமோ என்ற இரண்டு அச்சங்களுக்கும் நடுவே அவர் கால் மாற்றி மாற்றி நின்றார். பின் சொன்னார்: "சார்ட்ட எழுதினது குழந்தை இல்ல மேடம். அம்மா. ஒரு நிமிசம் வந்து அவங்ககிட்ட கேளுங்க. அவங்க வாயால சொல்லட்டும்."

அம்மையார் வந்தார், கட்டிலருகே நின்று, கண்டிப்பில்லாத குரலில் கேட்டார்: "உங்களுக்கு ஊசி ஏறினப்ப அந்த மாத்திரை வேலை செஞ்சுதாம்மா?"

சற்று முன் அண்ணனிடம் பேசிய நாக்கு, வெள்ளைக் கோட்டின் முன் அடங்கிவிட்டது. "அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க மேடம். எங்களுக்கு வலியே தெரியாதுங்க. இவளுக்கும் பெருசா ஒண்ணும் இல்ல. கொஞ்சம் அதட்டினா கால மடக்கிடுவா."

எல்லாம் அவளுடைய அந்த ஒரு சொல்லில் நின்றது. 'ஒண்ணும் இல்ல' என்றே அவள் நின்றுவிட்டால், காற்பங்கு கூடிய பயனற்ற மருந்து ஏறும்; விறைத்த கால் விறைத்தபடியே உறையும். மருந்தாளுநர் குனிந்து, கால்மாட்டுப் போர்வையை இரு கையாலும் மடித்து விலக்கினார்.

அம்மா அந்த விரல்களைப் பார்த்தாள். ஐந்து நாட்களாகத் தலைமாட்டிலேயே அமர்ந்து முகத்தையே பார்த்திருந்தவள், அன்றுதான் மகளின் காலைப் பார்த்தாள். கை தானாக நீண்டு ஒரு விரலைப் பிரிக்க முயன்றது. விரல் பிரியவில்லை.

"ஏண்டி," என்றாள். "ஏண்டி சொல்லல?"

"நீதான் நம்ம வீட்டுல யாரும் சொல்ல மாட்டாங்கன்ன," என்றாள் சிறுமி.

அம்மா மருத்துவரிடம் திரும்பினாள். "கேக்கலைங்க மேடம். எனக்கு அந்த மாத்திரை கேக்கவே இல்ல. ராத்திரி பூரா கட்டிலோட கம்பியக் கடிச்சிட்டுக் கிடந்தேன். எங்க அக்காவுக்கும் கேக்கல. கேக்கலன்னு சொன்னா நடிக்கிறோம்பாங்க. அதான் தாங்குறோம்னு சொல்லிப் பழகிட்டோம்."

அம்மையார் மருந்தாளுநரிடம் கையை நீட்டினார். பிறகு பழைய சீட்டை வாங்கிக் குறுக்கே ஒரு கோடிட்டார். புதிதாக எழுதினார்: மார்ஃபின், சிறிய அளவில், அதற்கு உள்ளே சட்டை மாற்றும் வேலையில்லை. முதல் ஒரு மணிநேரம் ஆள் அருகிலிருந்து மூச்சை எண்ண வேண்டும். தாய்க்கும் மகளுக்கும் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தேய்த்து ஆய்வுக்கு அனுப்ப வேண்டும். நொதிக்கான ஏடு பழுதா என்பதை அந்தக் குச்சி ஒரு வாரத்தில் சொல்லும். "பல்லு தேய்ச்சு விடுறீங்களா?" என்று சமத்து வாயைத் திறந்தாள். அடுத்து அம்மா வாயைத் திறந்தாள். குச்சி இடப்பக்கம் பட்டதும் அவள் கண் ஒருகணம் மூடித் திறந்தது. செவிலி அதைக் கவனிக்கவில்லை.

மார்ஃபின் இருக்கும் அலமாரிக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி இவரிடம், மற்றொன்று அடுத்த சன்னலிடம். இருவரும் சேர்ந்துதான் திறக்க முடியும். அன்று அந்தப் பெண் மருந்தாளுநர் கேலி ஏதும் பேசாமல் வந்து சாவியைத் திருப்பினார். அவர் சிரிஞ்சை வெளிச்சத்தில் பிடித்தார், கோடு பார்த்தார், இன்னொரு முறையும் பார்த்தார். மருந்து மாடிக்குப் போயிற்று.

அந்த அரைமணி அவருக்கு அடங்கவில்லை. எட்டாம் நிமிடம் படியில் பாதி ஏறித் திரும்பினார். பதினான்காம் நிமிடம் கதவுவரை போய், உள்ளே செவிலி எண்ணிக்கொண்டிருப்பதைக் கண்டு வந்தார். வரிசையில் நின்ற ஒருவருக்கு இருமல் மருந்துக்குப் பதிலாக வெறும் சிரிஞ்சை நீட்டினார். "அரைமணிக்காரரு இன்னிக்குக் கால்மணிக்காரரு ஆயிட்டாரு," என்றது அடுத்த சன்னல், பிறகு குரலைத் தாழ்த்தி, "போங்கண்ணே. ரெண்டு சன்னலையும் நானே பாத்துக்கிறேன். அந்த அட்டைய மட்டும் மாட்டாதீங்க, சனங்க நம்பி நிக்குது," என்றது.

முப்பதாம் நிமிடம் அவர் கட்டிலருகே இருந்தார். சிறுமி கண்மூடிக் கிடந்தாள். அவர் முதலில் உதட்டைப் பார்த்தார். அது தன் நிறத்திலேயே இருந்தது. கடிகாரம் திரும்பிய கையை அவள் நெஞ்சுக்கு நேரே பிடித்து ஒரு நிமிடம் எண்ணினார். நம்பாமல் மீண்டும் ஒரு நிமிடம் எண்ணினார்.

"நான் தூங்கல," என்றாள் சமத்து, கண் திறவாமல். "ஆளு உள்ள வந்துட்டான் மாமா. செருப்பக்கூடக் கழட்டிட்டான்."

அவர் போர்வையை விலக்கினார். ஐந்து விரல்களும் விரிப்பை விட்டிருந்தன; சுண்டுவிரல் மட்டும் இன்னும் நம்பிக்கையில்லாதது போல் சற்றே வளைந்திருந்தது. நாளைக் காலை பயிற்சியாளர் வருவார். அதற்குள் இன்னும் எத்தனையோ அரைமணிகள் உண்டு. அவர் சீட்டை எடுத்து மணியையும் அம்புக்குறியையும் எழுதிக்கொண்டு கதவை நோக்கி நடந்தார்.

"அண்ணே."

அம்மா எழுந்து நின்றிருந்தாள். கைக்குட்டை கன்னத்தில் இல்லை. அந்தக் கன்னம் வீங்கியிருந்தது. வாய் இருமுறை திறந்து மூடிற்று.

"எனக்கு… பல்லு," என்றாள். "ஒண்ணும் பெருசா இல்ல…"

அவர் திரும்பி வந்தார். கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய அட்டையைக் கயிற்றோடு கழற்றினார். அதன்மேல் விரல்பட்ட அழுக்கைச் சட்டை விளிம்பால் துடைத்தார். ஆறு முகங்களும் அவளுக்கு நேராகத் தெரியுமாறு, சிரிஞ்சை வெளிச்சத்தில் பிடிப்பதுபோல் அசையாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.